தேய்த்த வழவழப்பும் பூசிய வழவழப்பும்

லண்டனின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே, வடமேற்கில், ஸ்மித்ஃபீல்டு என்றொரு இடம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக இறைச்சிச் சந்தைக்குப் பேர்போன இடம். ஸ்மித் என்றால் கொல்லன், ஃபீல்டு என்றால் வெளி. ஆகவே கொல்லர் திடல் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பெயருக்கும் கொல்லர்களுக்கும் சம்பந்தமே இல்லை. பேராயர் தாமஸ் பெக்கெட்டிடம் பணிபுரிந்த வில்லியம் ஃபிட்ஸ்ஸ்டீபன், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் நகரைப் பற்றி லத்தீனில் எழுதியபோது, வெள்ளிக்கிழமைகளில் குதிரைச் சந்தை கூடும் இந்தத் திடலையும் விவரித்தார். பெயருக்கேற்றபடியே அது சமதளம் என்று குறிப்பிட்டார். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மேத' என்றால் மேடுபள்ளம் இல்லாதது. இன்றைய 'ஸ்மூத்' என்ற சொல்லின் மூத்த வடிவம் அது. பேச்சில் 'ஸ்மேத' மறைந்துபோன பிறகு, ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் யாருக்கும் விளங்காமல் 'ஸ்மித்' ஆகிவிட்டது.

ஸ்மூத் என்ற சொல்லின் பிறப்பு இன்னும் தெளிவாகவில்லை. அகராதிக்காரர்கள் பழைய ஆங்கிலம் வரை அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதற்கு முந்தைய மூலம் தெரியவில்லை என்று எழுதிவைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சுற்றிப் பெரிய கூட்டமே இருக்கிறது. ஸ்லீக், ஸ்லிக், பாலிஷ், கிளாஸ், பிளெயின், ஈவன், ஸ்வாவ், ப்ளாண்ட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றின் வரலாற்றை ஒருசேரப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கைக்குத் தட்டுப்படும் வழவழப்பைச் சொல்லப் பிறந்த இந்தச் சொற்கள் நாளடைவில் மனிதரின் பேச்சையும் குணத்தையும் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. அப்போது சில பாராட்டாகின்றன, சில வசையாகின்றன.

எது பாராட்டாகும், எது வசையாகும் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் காட்ட முடிகிறது. ஒரு பொருளை வழவழப்பாக்க வழிகள் இரண்டு. சொரசொரப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம். அல்லது அதன்மேல் எதையாவது பூசி மறைத்துவிடலாம். முதலாவதற்கு உழைப்பும் காலமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கை எண்ணெய் போதும். இந்த வேற்றுமையை ஆங்கிலச் சொற்கள் மறக்கவில்லை. தேய்ப்பதிலிருந்து பிறந்தவை பெரும்பாலும் மரியாதைக்குரியவையாக வளர்ந்தன. எண்ணெயிலிருந்தும் பிசுக்கிலிருந்தும் பிறந்தவை சந்தேகத்துக்குரியவையாயின.

தேய்த்த வழிக்கு 'பொலைட்' நல்ல உதாரணம். பணிவும் நாகரிகமும் கொண்ட நடத்தையை இன்று அந்தச் சொல் குறிக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் அது உலோகத்துக்கும் கல்லுக்கும் உரிய சொல். மெருகேற்றப்பட்டது என்பதே பொருள். மெருகிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினை 'பொலிரே'. அதிலிருந்துதான் பாலிஷும் வந்தது, பொலைட்டும் வந்தது. கல்லுக்கான சொல் முதலில் நடைக்கும் ரசனைக்கும் மாறி, 18ஆம் நூற்றாண்டில் நடத்தைக்கு வந்து நிலைபெற்றது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 1709இல், ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இதைப் பற்றி எழுதியதைப் படித்தால் பழைய பொருள் அப்போதும் உயிரோடு இருந்தது தெரியும். சுதந்திரமான சமூகத்தில்தான் நாகரிகம் வளரும் என்பது அவர் வாதம். மனிதர்கள் ஒருவரோடொருவர் தாராளமாகப் பழகி, நட்போடு உரசிக்கொள்ளும்போது அவரவர் முரட்டு முனைகள் தேய்ந்துபோகின்றன. இந்த உரசலைத் தடுத்தால் அறிவின்மேல் துரு ஏறிவிடும் என்று அவர் கருதினார். பொலைட் என்ற சொல்லுக்குள் தேய்ப்புக்கல்லின் ஓசையை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

'எருடைட்' என்றால் ஆழ்ந்த கல்வியுடையவர். லத்தீனில் 'ருடிஸ்' என்பது செதுக்கப்படாத, பண்படாத நிலை. அதிலிருந்து வெளியே கொண்டுவருதல்தான் கல்வி. முரட்டுத்தனத்தைச் சொல்லும் 'ரூட்' என்ற சொல் அந்தப் பண்படாத பக்கத்திலேயே தங்கிவிட்டது. 'டெர்ஸ்' என்பதும் இந்த இனம்தான். துடைத்துத் தேய்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. துணி வெளுக்கும் டிடர்ஜெண்டும் அதே வினையின் வாரிசு. 1600 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, துடைத்து மெருகிட்டதுபோல் இருக்கும் நடை என்ற நல்ல பொருளில்தான் வழங்கியது. பிறகு சுருக்கமான நடை என்றானது. இன்று ஒருவர் டெர்ஸாகப் பதில் சொன்னார் என்றால் வெடுக்கென்று சொன்னார் என்று பொருள். துடைத்துத் துடைத்துக் கடைசியில் கனிவையும் சேர்த்துத் துடைத்துவிட்ட சொல் இது.

தச்சரின் இழைப்புளிக்கு ஆங்கிலத்தில் பெயர் 'பிளேன்'. லத்தீன் 'பிளானுஸ்', அதாவது சமமானது, அதன் வேர். தெளிவான, எளிய என்று பொருள்படும் 'பிளெயின்' என்ற சொல்லும், சமதளத்தைக் குறிக்கும் 'பிளேன்' என்ற சொல்லும் நெடுங்காலம் ஒரே சொல்லாகத்தான் இருந்தன. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்துக்கூட்டிலும் பொருளிலும் தனித்தனியாகப் பிரிந்தன. சிக்கலில்லாமல் போகும் வேலையைப் 'பிளெயின் செய்லிங்' என்பார்கள். அது மாலுமிகளின் கணக்கு முறையிலிருந்து வந்தது. பூமி உருண்டை என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, கடல் தட்டையானது என்று வைத்துக்கொண்டு கப்பலின் போக்கைக் கணக்கிடுவார்கள். குறுகிய தூரத்துக்கு அது போதும். கணக்கு எளிது என்பதால் எளிய காரியம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது. 'எக்ஸ்பிளெயின்' என்பதும் இந்த வேரே. விளக்குவதென்றால் மேடுபள்ளத்தை நிரவுவது.

அதே நிரவல் வினை இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் வழியாகச் சுற்றி வந்து 'எஸ்பிளனேடு' ஆனது. கோட்டைக்கு முன்னால் மரமோ வீடோ இல்லாமல் வெட்டவெளியாக விடப்படும் சமதரைக்கு அந்தப் பெயர். எதிரி ஒளிந்துகொள்ள இடம் தரக்கூடாது, பீரங்கி சுடத் தடை இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். சென்னைவாசிகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுப் போர்களின்போதும் அவற்றைத் தொடர்ந்தும் இடிக்கப்பட்டது. மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தரைமட்டமாக்கிய இடம் எஸ்பிளனேடு ஆனது. 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுக்கும் கோட்டைக்கும் நடுவில் எதையும் கட்டக் கூடாது என்பது ஆணை. ஒரு தூண் பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கட்டக் கூடாது என்ற அந்த வெளியில்தான் பின்னாளில் உயர் நீதிமன்றம் எழுந்தது. வழவழப்பைச் சொல்லும் சொற்களில் இவ்வளவு பேருடைய வீடுகளைத் தனக்கடியில் வைத்திருக்கும் சொல் வேறு இல்லை. தேய்த்து எடுப்பது எப்போதும் நல்ல காரியம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தேய்க்கப்படுவது எது என்பதைப் பொறுத்தது அது.

பூசிய வகைக்கு வருவோம். இங்கே தலைச்சொல் 'கிளிப்'. தலைமுடியில் செருகும் கிளிப் வேறு. இது வழுக்கலைக் குறிக்கும் கீழை ஜெர்மன், டச்சு வழக்குகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சொல். ஆரம்பத்தில் தரைக்கும் பொருளுக்கும் வழங்கியது. கொஞ்ச நாளிலேயே நாக்குக்கு வந்துவிட்டது. யோசிக்காமல், தடங்கல் இல்லாமல், மனசில் இல்லாததைச் சரளமாகப் பேசுகிறவரை இந்தச் சொல்லால் குறிப்பார்கள். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தின் முதல் காட்சியில், தந்தையிடம் அன்பை அளந்து சொல்லி நாட்டைப் பங்கு வாங்கிக்கொண்ட அக்காமார்களின் பேச்சுத் திறத்தை இளைய மகள் கார்டீலியா இந்தச் சொல்லால்தான் இகழ்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கைக் குறிக்கும் சொல்லையும் அதோடு சேர்த்துக்கொள்கிறாள். இரண்டும் ஒரே அர்த்தத்தின் இரு பக்கங்கள் என்பது அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

'அங்க்சுவஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் வருத்தமானது. லத்தீனில் எண்ணெய் பூசுதல் என்பது அதன் வேர். எண்ணெய் பூசுவது யூத, கிறித்தவ மரபில் புனிதச் செயல். அரசர்களுக்கு முடிசூட்டும்போது பூசுவார்கள், மரணப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பூசுவார்கள். கிறிஸ்து என்ற கிரேக்கப் பெயருக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள். அப்படிப்பட்ட வேரிலிருந்து வந்த சொல், 18ஆம் நூற்றாண்டில் பக்தியை மிகையாகக் காட்டிக்கொள்பவரைக் குறிக்கத் தொடங்கி, இன்று போலிக் குழைவு காட்டிப் பேசுகிறவருக்கு உரிய அடைமொழியாகக் கிடக்கிறது. இதன் தம்பி 'ஸ்மார்மி'. தலைமுடியில் எண்ணெயை அப்பி வழித்து வாருவதற்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் இருந்த ஒரு வினையிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முகஸ்துதி செய்கிறவர்களுக்கு உரிய சொல்லாக மாறியது. 'லூப்ரிசிட்டி' என்றால் இன்று பொறியாளர்களுக்கு மசகெண்ணெயின் திறன்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் காமவெறி; வழுக்கி விழும் ஒழுக்கம். எந்திரங்கள் பெருகி, உராய்வைக் குறைப்பது நாட்டின் பொருளாதாரப் பிரச்சினையான பிறகுதான் அந்த வேர்ச்சொல்லுக்கு நற்பெயர் கிடைத்தது.

விதி இருந்தால் விலக்கும் இருக்கும். இங்கே விலக்குகள் விதியைவிடச் சுவையானவை. கொந்தளிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றுதல் என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. சண்டையைத் தணிப்பதென்று பொருள். எண்ணெய் இங்கே முழுக்க முழுக்க நல்லது. காரணம், அது உண்மையிலேயே நடப்பது. லண்டன் கிளாப்பம் பகுதியில் ஒரு பெரிய குளத்தில் காற்று வீசி அலையடித்துக்கொண்டிருந்த நாளில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கொஞ்சம் எண்ணெயை நீரில் விட்டுப் பார்த்தார். முதலில் காற்றுக்கு எதிர்ப்புறக் கரையில் விட்டார். அலைகள் எண்ணெயைக் கரைக்கே தள்ளிவிட்டன. பிறகு காற்று வரும் பக்கத்துக்குப் போய், ஒரு தேக்கரண்டிக்கு மேல் இல்லாத எண்ணெயை விட்டார். அது வேகமாகப் பரவி, குளத்தின் அந்தப் பக்கம் முழுவதையும், ஏறக்குறைய அரை ஏக்கரை, கண்ணாடிபோல் ஆக்கிவிட்டதாக 1774இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். தேக்கரண்டி எண்ணெய் 50 சென்ட் பரப்பில் பரவினால் அதன் தடிமன் என்ன? ஒரு மூலக்கூறின் நீளம் அளவுக்குத்தான் வரும். ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. செய்திருந்தால் மூலக்கூறின் அளவை ஏறக்குறைய நூறாண்டு முந்தியே மதிப்பிட்டிருப்பார்.

நீரின்மேல் பரவிக் கிடக்கும் அப்படிப்பட்ட எண்ணெய்ப் படலத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லிக்' என்று பெயர். இந்தச் சொல்லின் வாழ்க்கை இரு கரைக்கும் இடையில் அலைந்துகொண்டே இருப்பது. அமெரிக்காவில் சாமர்த்தியமான வேலையை ஸ்லிக் என்று மெச்சுவார்கள். அதே மூச்சில் நாட்டுப்புறத்தாரை ஏமாற்றும் நகரத்து எத்தரை 'ஸ்லிக்கர்' என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பத்திரிகைகளே இந்தச் சொல்லால் சாதி பிரிந்தன. பளபளப்பான தாளில் அச்சாகி, பெரிய விளம்பரங்களோடு வந்தவை 'ஸ்லிக்ஸ்'. மட்டமான சொரசொரத் தாளில் துப்பறியும் கதையும் விண்வெளிக் கதையும் தாங்கி வந்தவை 'பல்ப்ஸ்'. எழுத்தாளர்கள் பணத்துக்கு முதல் வகையைத் தேடினார்கள். டேஷியல் ஹாமெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் வளர்ந்தது இரண்டாவது வகையில்.

ஸ்லீக் என்பது ஸ்லிக்கின் வேறு வடிவமே. பிறப்பில் இரண்டும் ஒன்று. ஆனால் பங்காளிகள் பிரிந்துபோய் வேறுவேறு தெருவில் குடியேறியதுபோல் ஆகிவிட்டது. குதிரையின் மேனி, பூனையின் உடல், புதிய காரின் வளைவு என்று ஸ்லீக் எப்போதும் பார்வைக்கு இனியதையே பிடித்துக்கொண்டது. 'ஸ்மக்' அப்படிக் கொடுத்துவைத்திருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் நேர்த்தியாக, பாங்காக உடுத்தியவரைச் சொன்ன சொல் அது. தன் நேர்த்தியைத் தானே ரசிக்கிறவர் என்ற நிழல் மெல்ல விழுந்து, இப்போது தற்பெருமைக்கு மட்டுமே பயன்படுகிறது. 'ப்ளாண்ட்' மென்மையும் இதமும் ஆனதாகப் பிறந்து உப்புச்சப்பில்லாததாக முடிந்தது. 'ஸ்வாவ்' என்பதற்கு வழவழப்பு பிறவிக் குணமே அல்ல. லத்தீனில் அது இனிப்பு. ஆங்கிலத்தின் 'ஸ்வீட்', சம்ஸ்கிருதத்தின் 'ஸ்வாது' ஆகியவற்றுக்கு உறவு. 19ஆம் நூற்றாண்டில்தான் பழகுவதில் வழுக்கலான மனிதருக்கு அது பொருத்தப்பட்டது.

தேய்த்த இனத்திலும் ஒரு துரதிருஷ்டசாலி உண்டு. 'ட்ரைட்' என்றால் புளித்துப்போன, அடிபட்ட கருத்து. தேய்ந்தது என்பதே அதன் லத்தீன் பொருள். மெருகும் தேய்மானமும் ஒரே செயலின் இரு கட்டங்கள். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. அதை ஆங்கிலம் இரு சொல்லாகவே பிரித்து வைத்திருக்கிறது.

இந்தச் சொற்களை உரக்கச் சொல்லிப் பார்த்தவர்கள் கவனித்திருக்கக்கூடும். ஸ்லிப், ஸ்லைடு, ஸ்லைம், ஸ்லிக், ஸ்லிதர் என்று வழுக்கலெல்லாம் 'ஸ்ல' என்று தொடங்குகின்றன. கிளீம், கிளிட்டர், கிளோ, கிளாஸ் என்று பளபளப்பெல்லாம் 'க்ல' என்று தொடங்குகின்றன. சொல்லாகவோ விகுதியாகவோ இல்லாமல், ஒலிக்கூட்டமாகவே நின்று பொருளைச் சுமக்கும் இத்தகையவற்றுக்கு 1930இல் ஒரு பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். தமிழோடும் தொடர்புள்ளவர் அவர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பிற்சேர்க்கையாக 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றிய சிறு கட்டுரை எழுதியவர். அவர் சொன்னது வெறும் ரசனை அல்ல என்பதை 2004இல் பெஞ்சமின் பெர்கன் சோதனையில் காட்டினார். 'க்ல' என்று தொடங்கும் ஒளிச்சொல் ஒன்றைப் பார்த்தவர்கள், அடுத்து அதே வகைச் சொல் வந்தால் விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒலி ஒற்றுமையோ பொருள் ஒற்றுமையோ தனித்தனியாக இருந்தபோது அந்த அளவு வேகம் வரவில்லை. இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஸ்லீப் என்ற உறக்கத்தில் வழுக்கல் ஏதும் இல்லை. ஸ்லேவ் என்ற அடிமைச்சொல் ஸ்லாவ் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது.

'க்ல' கூட்டத்தில் ஒரு சொல் தனியே நின்று பார்க்கத் தக்கது. 'கிளாட்', மகிழ்ச்சி. பழைய ஆங்கிலத்தில் அது ஒளிர்வதையும் குறித்தது. ஜெர்மனின் 'கிளாட்ட்', லத்தீனின் 'கிளாபெர்' ஆகியவை அதன் உறவினர்கள். இரண்டும் வழவழப்பையே சொல்கின்றன. கிளாபெரிலிருந்து தாவரவியலுக்கு ரோமமில்லாத இலையைக் குறிக்கும் சொல் கிடைத்தது. உடற்கூறியலுக்குக் 'கிளபெல்லா' கிடைத்தது. இரு புருவங்களுக்கு நடுவே முடியில்லாத அந்தச் சிறு பரப்பு, நம் வீடுகளில் பொட்டு வைக்கும் இடம்.

ஜெர்மன் கிளாட்ட் இத்திஷ் மொழி வழியாக அமெரிக்க ஆங்கிலத்துக்கு 'கிளாட் கோஷர்' என்று வந்து சேர்ந்தது. கோஷர் என்றால் யூத உணவு நெறிக்கு ஏற்புடையது. நியூயார்க்கின் கடைப்பலகைகளில் இதைக் காணலாம். யூத நெறிப்படி அறுக்கப்பட்ட மாட்டின் நுரையீரலைச் சோதிக்க வேண்டும். சோதகர் வெட்டிய வாய் வழியாக மார்புக்கூட்டுக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே, நுரையீரலின் மடல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். எங்காவது நார்போல் ஒட்டுதல் தட்டுப்பட்டால் உள்ளே துளை இருக்கலாம் என்று சந்தேகம். ஒட்டுதலே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது கிளாட். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மோசஸ் இசெர்லெஸ் என்ற சட்ட அறிஞர், மெல்லத் தேய்த்தாலே உதிர்ந்துவிடும் ஒட்டுதலை ஒட்டுதலாகக் கருத வேண்டாம் என்ற வழக்கத்துக்கு இடம் கொடுத்தார். உரித்த இடத்தை நீரில் வைத்து நுரையீரலை ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வராவிட்டால் இறைச்சி ஏற்புடையது. ஆனால் அது கிளாட் அல்ல. இன்று கோழிக்கும் மீனுக்கும் ஓட்டலுக்கும்கூட அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். மீனுக்கு நுரையீரல் ஏது? கண்டிப்பான ஒழுங்கு என்ற பொருள் மட்டும் தங்கி, கை தடவிய அந்த வழவழப்பு சொல்லிலிருந்து கழன்றுவிட்டது.

துணிகளில் 'வெல்வெட்' வழவழப்பின் மறுபெயர். அதன் வேரோ முரட்டு ரோமத்தைக் குறிக்கும் லத்தீன் 'வில்லுஸ்'. ஒரே திசையில் படிய வைத்தால் ரோமமும் பட்டாகும். 'சாட்டின்' என்ற பெயர் சீனத்தின் குவான்சோ துறைமுகத்துக்கு அரபு வணிகர்கள் வைத்த ஸைத்தூன் என்ற பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்–சீனக் கல்வெட்டொன்றும் சிவன் கோயில் சிற்பங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன.

தொழிலாளர் பேச்சில் பிறந்த சொற்களுக்குத் தனி அழகுண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஈயச் சுரங்கம் தோண்டியவர்கள், பாறைப் பிளவுகளில் தேய்த்து வைத்தாற்போல் பளபளக்கும் முகங்களைக் கண்டு 'ஸ்லிக்கன்சைடு' என்றார்கள். பிளவின் இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில் ஏற்படுவது அது. சில சுரங்கங்களில் அந்த முகத்தைக் கடப்பாறையால் கீறினால் பாறை வெடித்துச் சிதறியதாக 18ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் திடீரென்று விடுபடுவதே காரணம். புவியியலாளர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். களத்தில் அவர்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு கைப்பாடமும் உண்டு. அந்த முகத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். கோட்டின் வழியே உள்ளங்கையை இருபுறமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் சின்னச் சின்னப் படிகளில் தட்டும். கை வழுக்கும் திசைதான், இப்போது அங்கே இல்லாத எதிர்ப்பாறை நகர்ந்துபோன திசை. பிற சான்றுகளோடு சேர்த்துத்தான் இதை நம்ப வேண்டும் என்றும் சொல்வார்கள்.

வழவழப்பு என்றால் வழுக்கும் என்று மொழி எடுத்த எடுப்பில் முடிவுகட்டிவிட்டது. இயற்பியல் அதை ஏற்கவில்லை. மேற்பரப்பின் மேடுகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால்தான் உராய்வு என்று 18ஆம் நூற்றாண்டில் கூலோம் உள்ளிட்டோர் கருதினார்கள். 20ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் செய்த ஆய்வுகள், தொட்டுக்கொள்ளும் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே உலோகங்களின் உராய்வுக்கு முக்கியக் காரணம் என்று காட்டின. பட்டறைகளில் அளவு பார்க்கப் பயன்படும் ஜோஹான்சன் எஃகுக் கட்டைகள் மிகமிக நயமாகத் தேய்க்கப்பட்டவை; இரண்டை அழுத்தித் திருகி வைத்தால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். கார்ப் பந்தயத்தில் வரிப்பள்ளம் இல்லாத மொட்டை டயருக்கு ஸ்லிக் என்றே பெயர். உலர்ந்த தடத்தில் அதுதான் அதிகப் பிடிப்புள்ள டயர், ஏனெனில் ரப்பர் முழுவதும் தரையைத் தொடுகிறது. வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்று ஃபார்முலா ஒன் நிர்வாகம் 1998 முதல் 2008 வரை ஸ்லிக்கைத் தடுத்து, வரியிட்ட டயரைக் கட்டாயமாக்கியது. மழை பெய்தால் நிலைமை தலைகீழ். நீர் வெளியேற வழியில்லாமல் ஸ்லிக் தன் பெயருக்கேற்ப வழுக்கிவிடும்.

அறிவியல் ஸ்மூத் என்ற சொல்லை எடுத்தாளும்போது பாராட்டும் வசையும் விலகி, இன்னது இல்லை என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது. குடலிலும் ரத்தக் குழாயிலும் உள்ள தசை ஸ்மூத், ஏனெனில் கைகால் தசையில் காணும் குறுக்கு வரிகள் நுண்ணோக்கியில் அதில் தெரிவதில்லை. கணிதத்தில், சிறிய பகா எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்ட எண் ஸ்மூத். 720 அப்படிப்பட்டது, 2, 3, 5 ஆகிய மூன்றைத் தவிர வேறு பகாக் காரணி அதற்கில்லை. அதற்கு முந்தைய 719 பகா எண், எதற்கும் உடையாது. 721ஐ உடைத்தால் 7உம் 103உம் வரும். பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் நவீன முறைகளெல்லாம் ஸ்மூத் எண்களைத் தேடிப் பிடிப்பதில்தான் நிற்கின்றன. ஆகவே இணைய வங்கிப் பரிமாற்றத்தின் பூட்டு எவ்வளவு பலமானது என்ற கணக்கிலும் இந்தச் சொல் இருக்கிறது.

நுண்ணுயிரியலில் மட்டும் ஸ்மூத் என்பது ஒன்று கூடுதலாக இருப்பதைக் குறித்தது. வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாக் கூட்டங்கள் சில சொரசொரப்பாகவும் சில வழவழப்பாகவும் வளர்வதை 1921இல் லிஸ்டர் ஆய்வகத்தின் ஆர்க்ரைட் 'ரஃப்', 'ஸ்மூத்' என்று பிரித்தார். நிமோனியாக் கிருமியில் ஸ்மூத் வகைக்குச் சர்க்கரைப் பொருளாலான வழுக்கல் உறை ஒன்று உண்டு. அந்தப் பூச்சு இருப்பதால் உடலின் வெள்ளையணுக்களால் அதைப் பிடித்து விழுங்க முடிவதில்லை. ஆகவே எலியைக் கொல்லும். உறையில்லாத ரஃப் வகை கொல்லாது. 1928இல் லண்டனில் ஃப்ரெடரிக் கிரிஃபித், சூடாக்கிக் கொன்ற ஸ்மூத்தையும் உயிருள்ள ரஃப்பையும் கலந்து எலிக்குள் செலுத்தினார். தனித்தனியே இரண்டும் தீங்கற்றவை. சேர்ந்தபோது எலிகள் இறந்தன. அவற்றின் ரத்தத்திலிருந்து உயிருள்ள ஸ்மூத் கிருமிகள் கிடைத்தன. செத்த கிருமியிடமிருந்து உயிருள்ள கிருமி எதையோ வாங்கிக்கொண்டு உறை தரிக்கக் கற்றிருந்தது. அது என்ன என்று தெரியாமலே 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் கிரிஃபித் இறந்தார். நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் மக்லியாடும் மெக்கார்ட்டியும் பல ஆண்டுகள் அந்தப் பொருளைத் துரத்தினார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சேர்த்தும் மாற்றம் நிற்கவில்லை, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் நின்றுவிட்டது. ரஃப் கூட்டங்களை ஸ்மூத் ஆக்கியது டி.என்.ஏ. என்று அவர்கள் 1944 பிப்ரவரியில் வெளியிட்டார்கள்.